ஒரு சொல்லில் போன பட்டாள வண்டி

1

சனிக்கிழமை காலையில் நான் எங்கே போகிறேன் என்பதை ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்கும் முயற்சியைக் கைவிட்டு நாளாகிறது. லாரி ரிப்பேர் பார்க்கப் போகிறேன் என்றால், "வாரம் பூராவும் பஸ் டிப்போவுல அதே வேலைதானுங்க, சனிக்கெழமையுமா? சம்பளம் பத்தலீங்களா?" என்று கேட்கிறார்கள். சம்பளம் இல்லை, நான்தான் சந்தா கட்டுகிறேன் என்றால் அந்தப் பக்கம் பேச்சே நின்றுபோகிறது. வண்டிப்பெரியாரிலிருந்து என் மாமனார் ஒருவர்தான் வெளிப்படையாகக் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு அங்க வேற சேக்காளி யாரும் அமையலையோ?"

விஷயம் இதுதான். நாங்கள் குடியிருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊர். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில், முன்பு கோதுமை கொட்டி வைத்திருந்த தகரக் கொட்டகை இருக்கிறது. ராணுவம் வேண்டாமென்று கழித்து ஏலம் விட்ட லாரிகளை வாங்கி அங்கே நிறுத்தி, பாலூட்டாத குறையாகச் சீராட்டி வருகிறது ஒரு கூட்டம். முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். ஒருவர்கூடப் பட்டாளத்தில் இருந்ததில்லை. ஒருவர் பல் டாக்டர், ஒருவர் வங்கி மேனேஜர், எனக்கு நெருக்கமான கிரகாம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவர்.

அங்கேயும் இரண்டு கட்சி உண்டு. வண்டி ராணுவத்திலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, ஆணி முதற்கொண்டு மாறாமல் வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம், பின்னால் படுக்கை போடலாம், அடுப்பு வைக்கலாம் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் ஒரே கெட்டிலில் டீ போட்டுக் குடித்துக்கொண்டு, ஒருவர் வண்டியை ஒருவர் ஜாடையாகத் திட்டிக்கொள்ளும். கிரகாம் முதல் கட்சியின் தலைவர் மாதிரி. அவருடைய பழைய பெட்போர்டு லாரிக்கு அசல் கீல் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு கதவு இல்லாமலே ஓட்டினார். நான் இரண்டாம் கட்சி, பிறவியிலேயே.

சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் பெட்போர்டு கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நம் ஊரில் எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்: செல்ஃப் எடுக்கவில்லை, செல்ஃப் போய்விட்டது. நானும் கிரகாமிடம் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன், செல்ஃப் போய்விட்டது, கொஞ்ச நாளாகவே செல்ஃப் பலவீனம்தான் என்று. மனிதர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். என் தோளைத் தொட்டு அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். நான் கேட்காமலே டீயில் சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டார். குடும்பத்தை விட்டுத் தூர தேசம் வந்தால் யாருக்கும் இப்படி ஆகும் என்றார். மனம்விட்டுப் பேச ஆள் இருக்கிறதா என்று கேட்டார். வண்டியைக் கிளப்புகிற மோட்டாரை அவர்கள் அந்தப் பெயரால் சொல்வதில்லை, ஆளைத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்கு விளங்க வெகுநேரமாயிற்று. ஸ்டெப்னி என்றாலும் அவர்களுக்குத் தெரியாது. டிக்கி என்றால் சிரிக்கிறார்கள்.

இதை வீட்டில் சொன்னபோது சுகந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். சுகந்தி என் மனைவி. நர்ஸ் வேலைக்கு விசா வாங்கி வந்தவள் அவள்தான், நான் அந்த விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். சிரித்து முடித்த பிறகு, "அவரு கேட்டதுல ஒண்ணும் தப்பில்லையே" என்றாள்.

2

கேரள எல்லைக்குள் இருந்தாலும் தமிழ் பேசுகிற ஊர் எங்கள் கொழிஞ்சாம்பாறை. அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு உதிரிபாகக் கடை இருந்தது. அடுத்த கதவு காதரின் டயர் கடை. என்னைவிட நாலைந்து வயது இளையவன். அவன் அத்தா காலத்திலிருந்தே அவர்கள் வியாபாரக் குடும்பம். வியாபாரம் அவனுக்கு வரவே இல்லை. பஞ்சர் ஒட்ட வந்தவனிடம் வண்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பான், பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். எனக்கும் அதே வியாதி என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

சுகந்தியின் அண்ணன்தான் முதலில் அந்தச் சேதியைச் சொன்னார். போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஏலத்தோட்ட ஓரத்தில் ஒரு பட்டாள லாரி சும்மா நிற்கிறது என்று. சக்திமான் என்று நம் ராணுவம் ஓட்டிய வண்டி. மூக்கு நீண்டது, நாலு சக்கரமும் இழுக்கும். டிஸ்போசல் ஏலத்தில் எடுத்த ஒரு மர வியாபாரி, எஸ்டேட்டில் வெட்டிய சில்வர் ஓக் தடிகளை மேடேற்றுவதற்கு வைத்திருந்தார். அவர் போன பிறகு ஓட்ட ஆளில்லை. நானும் காதரும் பஸ் பிடித்துப் போனோம். கதவைத் திறந்தால் டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வியாபாரியின் மனைவி உறுதியாகச் சொல்லிவிட்டார்: "குஞ்சு பொரிக்கட்டும் தம்பி. அதுவரைக்கும் வண்டிய அசைக்கப்பிடாது." வந்த வழியே திரும்பிப் போய், பொரித்த சேதி கிடைத்ததும் மறுபடி வந்தோம்.

போடிமெட்டிலிருந்து கீழே போடி வரைக்கும் இறக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. பிரேக்கை நம்ப முடியவில்லை. முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு இறங்கினேன். காதர் கையில் ஒரு மரக்கட்டையோடு பக்கத்திலேயே நடந்து வந்தான், வண்டி என் பிடியை மீறினால் டயருக்கு அடியில் கட்டையைப் போடுவதற்கு. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் வருகிற பஸ்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டான். செக்போஸ்டில் என்ன லோடு என்று கேட்டார்கள். "வண்டிதானுங் லோடு" என்றான்.

பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக ஊர் வந்து சேர்ந்தபோது பஸ் ஸ்டாண்டில் பாதிக் கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டது. என் அப்பா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல என்னத்தடா ஏத்தப் போற?" என்று கேட்டார். ஒன்றும் ஏற்றப் போவதில்லை என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

அதன் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் கிரகாம் காதில் விழுந்தால் மயங்கி விழுவார். பட்டாளத்தின் பச்சை நிறத்தில் வெளியாள் வண்டி ஓட்டக்கூடாது என்பது சட்டம். காதர் கடையில் ஒரு ஸ்கூல் பஸ்ஸுக்கு அடித்த மஞ்சள் பெயிண்ட் மிச்சம் கிடந்தது, அதை அடித்தோம். உடைத்த பஸ் ஒன்றிலிருந்து பவர் ஸ்டீயரிங் எடுத்து மாட்டினோம். இரண்டு ஹோஸை மாற்றிக் கொடுத்துவிட்டதால் நான் இடப்பக்கம் ஒடித்தபோது வண்டி வலப்பக்கம் போய் ஒரு தென்னந்தோப்பு வாய்க்காலில் முன்சக்கரத்தை இறக்கியது. தோப்புக்காரர் வந்து எங்களைத் திட்டுவதா வண்டியைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்று, கடைசியில் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். பின்னால் பஸ் சீட் போட்டோம், பொள்ளாச்சியில் கேன்வாஸ் தைத்துக் கூரை கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் பிரியாணிச் சட்டியோடு ஏறி, மலை தெரிகிற ஏதாவது ஓர் இடம்வரை போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். வண்டியால் யாருக்கும் காலணாப் பிரயோஜனம் கிடையாது. அந்த வண்டியை நிறுத்த நாங்கள் வாடகைக்குப் பிடித்திருந்த பழைய நெற்களத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

அங்கே நானும் காதரும் வாய் ஓயாமல் பேசுவோம். போல்ட்டில் ஆரம்பித்து அவன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பது, என் அப்பாவின் பிடிவாதம், நான் இங்கிலாந்து போகலாமா வேண்டாமா என்பது வரைக்கும் எல்லாம் அந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி பேசி முடித்ததுதான். "போயிட்டு வாங்ணா. வண்டி எங்க போயிரப் போவுது" என்று சொன்னவன் அவன். புறப்படும் முன் நாங்கள் இருவரும் சேர்ந்து டயர் அமுங்காமல் இருக்க அச்சுகளுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து நிறுத்தினோம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்து எஞ்சினைக் கிளப்பி, அந்தச் சத்தத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதை அவன் ஒரு கடமையாகவே வைத்திருந்தான்.

3

வண்டியின் பதிவு காலாவதி ஆனது. புதுப்பிக்க வேண்டும் என்று காதர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனான். அங்கே அவனிடம் பொறுமையாகத்தான் சொன்னார்களாம். வண்டியை ஹாஜராக்க வேண்டும், உடமஸ்தன், அதாவது சொந்தக்காரன், நேரிட்டு ஹாஜராக வேண்டும். வண்டியைக் கொண்டுவர வேண்டுமென்றால் ரோட்டில் ஓட்ட வேண்டும். பதிவு இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது. உடமஸ்தன் நானோ டிப்போவில் மின்சார பஸ்ஸுக்கு அடியில் இருக்கிறேன்.

உடமஸ்தன் வெளிநாட்டில் இருந்தால் சத்தியவாங்மூலம் கொடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மலையாளத்தில் பிரமாணப் பத்திரத்துக்கு அதுதான் பெயர். அந்த வார்த்தையை இங்கே தூதரக வரிசையில் நின்று மூன்றாவது கவுண்டர்வரை கொண்டு போனேன். எதற்காக என்று கேட்டார்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு ராணுவ லாரி என்றதும் அந்தப் பெண்மணி நிமிர்ந்து பார்த்த பார்வையில், நான் உதிரிபாகக் கடைக்காரன் என்பதெல்லாம் எடுபடவில்லை. அதுவும் தவிர, பவர் ஸ்டீயரிங், பஸ் சீட் எல்லாம் அனுமதி இல்லாத மாற்றங்கள். பழையபடி ஆக்கிக் காட்ட வேண்டும். என் கட்சிக்கு இது அடுத்த அடி. கிரகாமிடம் சொன்னபோது முகத்தில் அனுதாபத்தையும் திருப்தியையும் சேர்த்து வைத்துக்கொண்டார்.

சரி, நேரிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். டிப்போவில் லீவு வாங்கினேன், டிக்கெட் போட்டேன். காதர் கிழக்கும் மேற்கும் அலைந்து வண்டியின் பழைய ஸ்டீயரிங் பெட்டியைக் கண்டுபிடித்து எண்ணெய் போட்டு வைத்தான். எல்லாம் ஒருவாறு கூடிவந்தது என்று நினைத்தபோது, வண்டி நிற்கிற களத்தை இடத்துக்காரர் கல்யாண மண்டபம் கட்ட விற்றுவிட்டார். சீக்கிரம் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று காதர் சொல்லியிருந்தான். பார்க்கலாம் என்று சொன்னேன். இங்கே உட்கார்ந்துகொண்டு அதைத் தவிர என்ன சொல்ல முடியும்?

4

எங்கள் ஒரே பையன் கவின் மூன்று வயதில் இங்கே வந்தவன், இப்போது மீசை முளைத்துவிட்டது. சின்னவனாக இருந்தபோது என்னோடு கொட்டகைக்கு வந்து லாரி லாரியாக ஏறி இறங்குவான். எந்த வருஷத்தில் அது நின்றது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான், இங்கே அவன் பேசுவதெல்லாம் நான் தமிழாக்கியது. தோளைக் குலுக்குவதும் ஒரு பதில். தப்பான பையன் இல்லை. அவனுடைய உலகத்தில் எனக்கு நிற்க இடமில்லை, அவ்வளவுதான்.

நான் ஊருக்குக் கிளம்ப இன்னும் சில வாரங்கள் இருந்த ஒரு சனிக்கிழமை, அவனைக் கால்பந்து மைதானத்தில் இறக்கிவிட்டு நான் கொட்டகைக்குப் போவதாக ஏற்பாடு. கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் போன் அவன் மடியில் இருந்தது. மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. என்ன என்று பார்க்கச் சொன்னேன்.

"காதர் மாமா. லாரி போட்டோ. வாய்ஸும் ஏதோ அனுப்பியிருக்கார்."

"வாய்ஸ் அப்புறம் கேட்டுக்கறேன். போட்டோ எப்படி இருக்கு?"

அவன் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சிக்னலில் நின்றபோது எனக்கும் காட்டினான். மஞ்சள் வண்டி, கழுவித் துடைத்து, வெயிலில் நின்றது. பின்னால் தென்னை மரங்கள். என் வண்டி அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. வெகுநாளுக்குப் பிறகு அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அதை நாம் ஊருக்குப் போகும்போது ஓட்டலாமா என்று. ஓட்டலாம் என்றேன். பச்சை விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"மாமாவுக்கு நல்லா இருக்குன்னு ஒரு பதில் போட்டு விடு" என்றேன்.

அவன் கட்டைவிரலால் ஏதோ தட்டி அனுப்பினான்.

கொட்டகையில் டீ நேரத்தில்தான் காதரின் குரலைக் கேட்டேன். அவன் எழுதுவதில்லை, எதுவானாலும் குரல்தான்.

"ஏனுங்ணா, கடேசியா ஒருக்காக் கழுவி நிறுத்திப்போட்டு போட்டோ அனுப்பியிருக்கறனுங். எடத்துக்காரரு இன்னைக்கே காலி பண்ணோணும்ங்கறாரு, மண்டபத்துக்குக் கல்லு எறக்கறாங்களாம். ரெண்டு வழிதானுங் இருக்குது. டிராக்டர் சொல்லி வெச்சிருக்கறன், என்ற மச்சான் தோப்புக்கு இழுத்துட்டுப் போயர்லாம். இல்லாட்டி ஆக்ரிக்காரன் கட்டரோட வந்து நிக்கறான். நம்பரு முடிஞ்ச வண்டிய ரோட்டுல இழுத்து எவனாச்சும் புடிச்சான்னா உங்க பேருலதான் கேஸ் வருமுங். நாளப்பின்ன நீங்க ஏர்போர்ட்டுல வந்து எறங்கறப்ப அது ஒரு தொந்தரவு ஆயிரக்கூடாது பாருங். அதுக்குத்தான் கேக்கறன். இழுக்கட்டுங்களா, பொளிக்கட்டுங்களா? ஒரு வார்த்த சொல்லுங்ணா."

அதற்குக் கீழே, என் பெயரில், ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு சொல் போயிருந்தது. பொளி.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொளிக்கிறது என்றால் எங்கள் பக்கம் உடைத்துப் பிரிப்பது. மலையாளத்திலிருந்து வந்து எங்கள் தமிழோடு ஒட்டிக்கொண்ட வார்த்தை. பழைய வீட்டையும் பொளிப்போம், பழைய லாரியையும் பொளிப்போம். ஆக்ரி என்றால் பழைய இரும்பு. பழைய இரும்புக்காரன் கட்டரோடு நிற்கும்போது பொளி என்று ஒருவன் சொன்னால் கொழிஞ்சாம்பாறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கடைசியில் எடுத்தபோது அவன் குரலுக்கு முன்னால் கேஸ் கட்டரின் சீறல் கேட்டது. நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லு என்று நான் கத்தியதில் பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"என்னுங்ணா?" என்றான் காதர். "சேசிஸ் ரெண்டாயிருச்சுங்களே."

சேசிஸ் என்பது லாரியின் முதுகெலும்பு. அதை வெட்டியபின் சேர்த்து ஒட்டினாலும் எந்த ஆபீஸும் அதை வண்டி என்று ஒப்புக்கொள்ளாது. என்னைச் சுற்றிலும் ராணுவம் கைவிட்ட லாரிகள் வரிசையாக, பளபளவென்று நின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழவர் துடைக்கிற துணியோடு நின்றுகொண்டிருந்தார். என் காதில் என் வண்டி வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. போனை வைக்கவும் முடியவில்லை. கிரகாம் வந்து என்ன ஆயிற்று என்றார். ஆங்கிலத்தில் அதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமில்லை என்றேன்.

5

வீட்டுக்கு வந்ததும் கவினைக் கூப்பிட்டேன். கோபத்தை வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தேன். என்னடா எழுதினாய் என்று கேட்டேன்.

"நீங்கதானே நல்லா இருக்குன்னு சொல்லச் சொன்னீங்க. அதைத்தான் போட்டேன்."

"பொளின்னு போட்டிருக்கே."

"ஆமா, பொளி. சூப்பர்னு அர்த்தம்."

அவன் வகுப்பில் மலையாளி நர்ஸ்களின் பிள்ளைகள் நாலைந்து பேர். அவர்களிடம் பொறுக்கியது. கோல் போட்டால் பொளி, புது ஷூ வாங்கினால் பொளி. கேரளத்து இளவட்டங்கள் எல்லாம் இப்போது அப்படித்தான் பேசுகிறார்கள் என்று அவன் போனில் காட்டினான். அட்டகாசமாக இருக்கிறது என்று பொருள். காதர் மாமா கேரளாக்காரர், ஆங்கிலத்தில் எழுதினால் நன்றாக இருக்காது, நம் ஊர்ச் சொல்லிலேயே சொல்வோம் என்று யோசித்துத்தான் போட்டானாம்.

பதினான்கு வருஷமாக இவன் நம் ஊர்ப் பேச்சில் ஒரு வார்த்தை தானாகச் சொல்ல மாட்டானா என்று ஏங்கிக்கொண்டிருந்தவன் நான். சொன்னான். என் வண்டியைப் பார்த்து, மனதாரச் சொன்னான். அதற்குத்தான் வண்டி போயிற்று.

என்ன ஆயிற்று என்று நான் சொன்னபோது அவன் முகம் வெளுத்துப்போனது. ஒட்ட வைக்க முடியாதா என்று கேட்டான். நான் கொஞ்சம் சத்தமாகவே ஏதோ சொல்லியிருக்க வேண்டும், சுகந்தி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள்.

"அந்தப் பிள்ளைய எதுக்கு ஏசுறீங்க? போன் உங்களுது. கேட்டது உங்ககிட்ட. பதில நீங்க போட்டிருக்கணும்லா?"

"வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

"ஓரமா நிறுத்தியிருக்கலாம்லா" என்றாள்.

நியாயம்தான். ஆனால் யாரையாவது கோபித்துக்கொள்ள வேண்டுமே. காதர் கேட்டுவிட்டுத்தான் செய்தான். பையன் பாராட்டினான். ஆக்ரிக்காரன் கூப்பிட்ட இடத்துக்கு வந்தான். கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் கராஜில் போய் நின்றேன், அங்கே எங்கள் கார்தான் இருந்தது. கவின் அன்று சாப்பிட வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று, பரவாயில்லை என்று சொன்னேன். அது பொய் என்று அவனுக்கும் தெரியும்.

டிக்கெட்டைக் கான்சல் செய்ய முடியாது. பதிவை ரத்து செய்வதற்கும் நான் நேரில் ஹாஜராக வேண்டுமாம். போகத்தான் போகிறேன், எதைக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

6

மறுநாள் காதரைக் கூப்பிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பையன் போட்ட பதில், பாராட்டிப் போட்டது, நான் குரலைக் கேட்கவே இல்லை என்றெல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் கடையில் காற்றுப் பிடிக்கிற கம்ப்ரசர் ஓடி நின்றது.

"அப்ப நீங்க சொல்லலீங்களா" என்றான்.

"நான் சொல்லுவனா காதரு?"

"தெரியலீங்ணா. அவனுக கட்டரப் பத்த வெக்கறப்ப என்னால நிக்க முடியல. பொண்டாட்டி வந்து கூட்டிட்டுப் போனா. நீங்க சொன்னதுனால மறுபடி வந்து நின்னன்."

"ஒருக்காக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே."

அவன் குரலில் என்னைக் குத்திக்காட்டும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. ஏதோ டயர் தேய்ந்த காரணத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

"கூப்புடலாம்னு போன எடுத்தனுங்ணா. அப்பறம் மேல தள்ளித் தள்ளிப் பாத்தன். ஓகே. சரி. குட். பாக்கலாம். ஏழெட்டு வருசமா நீங்க போடறது எல்லாமே ஒத்த வார்த்ததானுங். எங்கத்தா மவுத்தானப்பக்கூட சாரின்னு ஒண்ணுதான் போட்டிருந்தீங்க. இதுவும் ஒத்த வார்த்த. வேற ஆளு போட்டதுன்னு எனக்கு எப்பிடீங்ணா தெரியும்?"

வைத்த பிறகு நானும் மேலே தள்ளிப் பார்த்தேன். அவன் பக்கத்தில் நீள நீளமான குரல்கள். எஞ்சின் சத்தம், மழை, களத்தில் பாம்பு வந்தது, மகளின் நிச்சயதார்த்தம், என் அப்பாவுக்குக் கண் ஆபரேஷனுக்கு அவன் கூடப் போனது. என் பக்கத்தில் அவன் சொன்னதேதான் இருந்தது. டிப்போ இடைவேளையில், பஸ்ஸில், டாய்லெட் வாசலில் அனுப்பியவை. அப்பாவின் கண்ணுக்கு நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருக்கிறேன், அது வார்த்தைகூட இல்லை.

என் மகனுக்குத் தமிழ் வரவில்லை என்று இங்குள்ள தமிழர் கூட்டங்களில் உட்கார்ந்து குறைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். அவன் போட்ட ஒரு சொல்லையும் நான் போட்ட இத்தனை சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என்னைப் பெற்ற ஊரில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது.

அதனால்தான் இத்தனை பக்கம் எழுதினேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு தமிழில் இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. யார் படித்தாலும், எழுதியது காதருக்காகத்தான். முடிக்கும் தருவாயில்தான் உறைத்தது. காதர் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். நம்மைப் போலவே தமிழ் பேசுவான், தமிழில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது.

கூப்பிட்டு நீயே சொல்லிவிடலாமே என்பீர்கள். நேற்று கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன்.

"சொல்லுங்ணா, நல்லா இருக்கறீங்களா?" என்றான்.

"இருக்கேன்" என்றேன்.

அவன் காத்திருந்தான். எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை.